6 பாயின்ட் எடுத்தவருக்குச் சிறந்த வீரர் விருது! - கல்லூரி ஸ்கவுட்டுகள் கோட்டைவிட்ட ஆன்டனி டேவிஸ்

உயரமாக இருந்தால் போதும், கூடைப்பந்தில் ஜெயித்துவிடலாம் என்று நினைக்கிறீர்களா? ஆன்டனி டேவிஸின் கதையைக் கேளுங்கள்.

சிகாகோவில் பள்ளி அணிக்கு ஆடிய டேவிஸ், முதலில் 6 அடி 2 அங்குல 'கார்டு'. பந்தைத் தட்டிச் செல்வது, பாஸ் கொடுப்பது, தூரத்திலிருந்து எறிவதுதான் வேலை. பிரபலமில்லாத பள்ளி என்பதால் ஸ்கவுட்டுகள் எட்டிப் பார்க்கவில்லை. உதவித்தொகையோடு அழைத்தது கிளீவ்லாண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் மட்டுமே.

பிறகுதான் ட்விஸ்ட்! ஒன்றரை ஆண்டில் சுமார் 8 அங்குலம் வளர்ந்தார். 2010-ல் கிளப் போட்டிகளில் அவரைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். சென்டர் உயரம், ஆனால் கார்டின் கைப்பழக்கம்! பெரிய கல்லூரிகள் வரிசைகட்ட, கென்டக்கியைத் தேர்ந்தெடுத்தார்.

ஃபார்வர்டு, சென்டர் வீரர்களிடம் ஸ்கவுட்டுகள் பார்ப்பது உயரத்தை மட்டுமல்ல. கை நீளம், கால் அசைவு, பந்தை நழுவவிடாத பிடி, தடுத்துவிட்டு உடனே திரும்பி ஓடும் வேகம் எல்லாம் கணக்கில் வரும். இவை ஸ்கோர்போர்டில் தெரியாது.

2012 கல்லூரி இறுதிப்போட்டியே சாட்சி. டேவிஸ் 10 முறை எறிந்ததில் ஒன்றுதான் கூடைக்குள் விழுந்தது. எடுத்தது 6 பாயின்ட். ஆனால், 16 ரீபவுண்டு, 6 பிளாக்! கான்சாஸை 67-59 என வீழ்த்தியது கென்டக்கி. சிறந்த வீரர் விருதும் அவருக்கே. அதே ஆண்டு என்.பி.ஏ தேர்வில் முதல் ஆளாக அழைக்கப்பட்டார்.

வளரும் வயதுப் பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டு, 'இவன் இவ்வளவுதான்' என்று முடிவுகட்டலாமா?