மூடியைத் திறந்தால்... வெட்டவெளி!

2020, கொரோனா நேரம். சிதம்பரத்தில் படித்த என் மகள் பெட்டியோடு கடலூருக்கே வந்துவிட்டாள். பாடம், பரீட்சை எல்லாம் ஆன்லைன். வீட்டில் இருந்ததோ பத்து வயசு லேப்டாப். வைஃபை கிடையாது. டாங்கிள் செருகலாம் என்றால், யு.எஸ்.பி. ஓட்டை இரண்டும் அவுட்!

"செமஸ்டர் போயிடும்ப்பா..." என்று கண்ணைக் கசக்கினாள். புதுசு வாங்கப் பணத்துக்கு எங்கே போக?

செப்டம்பரில் பஸ் விட்டதும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் போனேன். ரிப்பேர் தம்பி பேட்டரியைக் கழற்றி, அடிமூடியைத் திறந்தார். உள்ளே காலி ஸ்லாட். பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு ஒயர்.

"சிதம்பர ரகசியம்தான் சார்! ஆன்டெனாவைத் திரையைச் சுற்றி கம்பெனியிலேயே வெச்சிருக்கான். கார்டுதான் போடலை."

ஒரு மினி கார்டைச் செருகினார். மிஷின் எழுந்திருக்கவே மறுத்தது! சில மாடல்களில், பயாஸ் தன் பட்டியலில் உள்ள கார்டைத்தான் ஏற்குமாம். சம்பந்தி வீட்டார் தோற்றார்கள், போங்கள்!

பழைய சாமான் குவியலைக் கிளறி, அதே மாடல் லேப்டாப்பிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். ஒயர் நுனி மிளகைவிடச் சின்னது. 'டிக்'கென்று அழுத்தினார். என் செல்போன் ஹாட்ஸ்பாட்டின் பெயர் திரையில் வந்தது.

"எவ்வளவு தம்பி?"

"அறுநூறு சார்."

மகள் பரீட்சை எழுதினாள்; பாஸும் ஆனாள்.

காற்றிலே வரும் சமாச்சாரத்துக்கு ஆகாயத் தலத்தில்தானே வழி பிறக்கும்!