சார்பற்ற இயக்குநர்

சார்பற்ற இயக்குநர் என்பவர் ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இருந்தும், அதன் நிறுவனர் குடும்பத்துடனோ நிர்வாகத்துடனோ உறவோ பணத் தொடர்போ இல்லாதவர் ஆவார். சிறு பங்குதாரர்களின் நலனைக் காப்பது இவரது கடமைகளுள் ஒன்று.

2008 திசம்பர் 16 அன்று ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் இயக்குநர் குழு, தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தோடு தொடர்புடைய இரண்டு மேட்டாஸ் நிறுவனங்களை வாங்க ஒப்புதல் அளித்தது. குழுவிலிருந்த சார்பற்ற இயக்குநர்கள் அதைத் தடுக்கவில்லை. பங்குதாரர்களின் எதிர்ப்பே தடுத்தது. 2009 சனவரி 7 அன்று, பல ஆண்டுகளாகக் கணக்குகள் திரிக்கப்பட்டதை ராஜு ஒப்புக்கொண்டார்.

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில், இயக்குநர்களுள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் சார்பற்றோராக இருக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம். ஆயினும், பல நிறுவனங்களில் பெரும்பங்கு நிறுவனர் குடும்பத்திடமே உள்ளதால், கண்காணிக்கப்பட வேண்டியவர்களின் வாக்கே கண்காணிப்பவரையும் தேர்ந்தெடுக்கிறது.