ஏறாதவர்களை எண்ணுவது யார்?

2025-ல் புதிய விரிவான மினி பஸ் திட்டம் அமலுக்கு வந்தது. ‘எங்க ஊருக்கு வருமா?’ என்று செங்கோட்டை, புளியறைப் பக்கமிருந்து கடிதங்கள் குவிகின்றன. கூடவே ஒரு கேள்வி: பஸ்ஸே வராத ஊரில் பயணிகள் இல்லை என்று அதிகாரிகள் எதை வைத்துச் சொல்கிறார்கள்?

கலெக்‌ஷனை வைத்துத்தான். கிலோமீட்டருக்கு என்ன வசூலோ அதுதான் அவர்கள் கணக்கில் தேவை. ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போனவர், பைக்கில் லிஃப்ட் கேட்டவர், வேலையே வேண்டாமென்று வீட்டோடு இருந்துவிட்டவர் யாருக்கும் டிக்கெட் கிழிக்கப்படவில்லை. தென்காசியில் ஜவுளிக்கடை அடைக்க இரவு 9 மணி ஆகும். கூட்டமில்லை என்று கடைசி டிரிப்பை நிறுத்தினால், அங்கே வேலை பார்க்கும் பெண் காலை பஸ்ஸிலும் ஏற மாட்டார், திரும்ப வழியில்லையே. காலை கலெக்‌ஷனும் இறங்கும். பிறகு அந்த டிரிப்புக்கும் கத்தரி.

2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. பயணிகளில் பெண்களின் பங்கு சுமார் 40லிருந்து 60 சதவீதத்தைத் தாண்டியதாக அரசே சொல்கிறது. திட்டத்தின் வெற்றி என்கிறார்கள், உண்மைதான். ஆனால் அந்தப் பெண்கள் ஏப்ரலிலும் இருந்தார்கள்.

புதிய திட்டமும் ஆட்களை எண்ணவில்லை, சாலையை அளக்கிறது. வழித்தடம் அதிகபட்சம் 25 கி.மீ.; அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் சேவை இல்லாத பாதையாக இருக்க வேண்டும். புளியறை இருப்பதோ கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையில். நெடுஞ்சாலையிலிருந்து 2 கி.மீ. உள்ளே ஒரு குக்கிராமம் என்று வையுங்கள். இந்த விகிதப்படி மினி பஸ் மெயின் ரோட்டில் ஓடக்கூடியது சுமார் 1 கி.மீ.தான். செங்கோட்டைச் சந்தைக்குப் போக வேண்டியவரை நடுவழியில் இறக்கிவிடும். மெயின் ரோட்டுக்கு எவ்வளவு பக்கத்து ஊரோ, அவ்வளவு நட்டம். ஆனால் குற்றாலத்தில் சாரல் விழுந்தால் சிறப்புப் பேருந்து விடுகிறார்கள். அந்தக் கூட்டம் கண்ணுக்குத் தெரிகிறது.

கடிதங்களில் வந்த மற்ற கேள்விகள்: மினி பஸ்ஸில் பெண்களுக்கு இலவசமா? இல்லை, தனியார் வண்டி. டிக்கெட் எடுக்க வேண்டும்.

ஆரியங்காவு வரை போகுமா? போகாது, தமிழக எல்லைக்குள்தான்.

பெர்மிட் யார் தருவது? வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்.

மனு எங்கே? திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில். ‘பஸ் வேண்டும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். யார், எத்தனை மணிக்கு, எங்கே போக, இப்போது ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதை வீடு வீடாகக் கேட்டு இணையுங்கள்.