அடுத்து எந்த ஐரிஷ் இன்ஜின் மாடலாக வரும்? எக்ஸெலில் ஒரு கணக்கு

கம்பெனி வேலையாக இரண்டு வருடம் அயர்லாந்தின் டப்ளின் நகரில் இருந்தேன். எங்கள் டீமில் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஐரிஷ்காரர் ஒருவர் இருந்தார். என் மேஜையில் இருந்த சிறிய ரயில் இன்ஜின் மாடலைப் பார்த்துவிட்டு, "என் அப்பா சல்ஸர் இன்ஜின் ஓட்டியவர். அது மாடலாக வருமா?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று இரவு எக்ஸெலைத் திறந்து ஒரு கணக்குப் போட்டேன். அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். உங்களுக்கு ரயில் மாடலில் ஆர்வம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பல விஷயங்களை ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வர இதே முறை உதவும்.

ரெடி டு ரன் என்றால் என்ன?

கம்ப்யூட்டரை உதிரிபாகங்களாக வாங்கி அசெம்பிள் செய்யலாம், அல்லது கடையில் முழுதாக வாங்கலாம் அல்லவா? ரயில் மாடலிலும் அப்படித்தான். கிட்டாக வாங்கினால் நீங்களே ஒட்டி, சாலிடர் செய்து, பெயிண்ட் அடிக்க வேண்டும். ரெடி டு ரன் மாடலைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தால் போதும், ஓடும்.

அயர்லாந்தில் ஓஓ எனப்படும் அளவுதான் அதிகம் புழங்குகிறது. உண்மையான ரயிலை 76.2 மடங்கு சிறிதாக்கினால் அந்த அளவு கிடைக்கும். இதன் தண்டவாள அகலம் 16.5 மி.மீ. ஆனால் அயர்லாந்தின் உண்மையான தண்டவாள அகலம் 1600 மி.மீ. அதை 76.2-ஆல் வகுத்துப் பாருங்கள். 21 மி.மீ. வரும். அதாவது மாடலில் சக்கரங்கள் நாலரை மி.மீ. நெருங்கி நிற்கின்றன. இது தெரிந்தும் தயாரிப்பாளர்கள் 16.5-ஐ விடுவதில்லை. காரணம், வாங்குபவர் வீட்டில் ஏற்கெனவே இருப்பது அந்தத் தண்டவாளம்தான். நம் பாஷையில் சொன்னால், பழைய சிஸ்டத்தோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம்.

தயாரிப்பாளர் எதைப் பார்க்கிறார்?

ஒரு மாடலில் பெரிய செலவு, பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் எஃகு மோல்டு. நூறு மாடல் விற்றாலும் பத்தாயிரம் விற்றாலும் மோல்டு செலவு ஒன்றுதான். சாஃப்ட்வேரில் முதல் காப்பிக்கு ஆகும் செலவு மாதிரி. அயர்லாந்து சிறிய சந்தை. ஒரு மோல்டிலிருந்து எத்தனை விதமான மாடல்களை விற்க முடியும் என்பதே அங்கே முக்கியமான கேள்வி. இதை ஐந்து கேள்விகளாகப் பிரித்துக் கொண்டேன்.

1. உண்மையில் எத்தனை இன்ஜின்கள் ஓடின?
2. எத்தனை வண்ணங்களில் ஓடின? கருப்பு, ஆரஞ்சு என ஒவ்வொரு காலத்து வண்ணமும் ஒரு புதிய மாடலாக விற்கும். மோல்டு மாறுவதில்லை.
3. அளந்து பார்க்க ஒன்றாவது மிஞ்சியிருக்கிறதா? இப்போது லேசர் ஸ்கேனர் வைத்து இன்ஜினை அளந்து, அதைக் கொண்டு கேட் சாஃப்ட்வேரில் வரைகிறார்கள். பழைய வரைபடத்தை மட்டும் நம்ப முடியாது. ஒர்க்‌ஷாப்பில் பல மாற்றங்கள் செய்திருப்பார்கள்.
4. பின்னால் இழுக்கப் பொருத்தமான பெட்டிகளும் வேகன்களும் மாடலாகக் கிடைக்கின்றனவா?
5. மற்றொரு மாடலுடன் ஏதாவது பகிர முடியுமா? மோல்டு, மோட்டார் அமைப்பு, பதிவு செய்த இன்ஜின் சத்தம், எதுவானாலும் சரி.

எக்ஸெலில் செய்வது எப்படி?

முதல் வரிசையில் பி முதல் எஃப் வரை ஐந்து கேள்விகளையும் தலைப்பாகப் போடுங்கள். இரண்டாம் வரிசையில் அவற்றின் எடை. நான் கொடுத்தது: எண்ணிக்கைக்கு 2, வண்ணங்களுக்கு 3, அளக்கும் வசதிக்கு 2, பெட்டிகளுக்கு 2, பகிர்வுக்கு 1. மூன்றாம் வரிசையிலிருந்து ஏ பத்தியில் இன்ஜின் பெயரும், மற்றவற்றில் 5-க்கு எத்தனை மார்க் என்பதும். ஜி பத்தியில் சம்புராடக்ட் ஃபங்ஷனைப் போட்டு, எடை வரிசையையும் மார்க் வரிசையையும் கொடுத்தால் மொத்தம் வந்துவிடும். எடை வரிசையை டாலர் குறி போட்டுப் பூட்ட மறந்துவிடாதீர்கள். இல்லாவிட்டால் ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது எடையும் கீழே நகர்ந்து, கணக்கு தாறுமாறாகிவிடும். மொத்த மார்க் 50.

முதலில் டெஸ்டிங்

புரோகிராம் எழுதினால், விடை தெரிந்த கேள்வியைக் கொடுத்துச் சோதிப்பது வழக்கம். எனவே ஏற்கெனவே மாடலாக வந்தவற்றை முதலில் போட்டேன். டப்ளினின் மர்ஃபி மாடல்ஸ் 121, 141, 181, 071, 201 ஆகிய ஜெனரல் மோட்டார்ஸ் வகைகளை மாடலாக்கியது. ஐரிஷ் ரயில்வே மாடல்ஸ் 'ஏ' வகையைக் கொண்டுவந்தது.

141 வகை 1962-ல் வந்தது, 37 இன்ஜின்கள். 1966-ல் வந்த 181 வகையில் 12. இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுதான். என் கணக்கில் 141-க்கு 50-க்கு 50. 'ஏ' வகை 1955-56-ல் மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ் கட்டிய 60 இன்ஜின்கள். அதற்கு 47. ஒரே பக்கம் டிரைவர் அறை கொண்ட 121 வகையில் இருந்தவை 15 மட்டுமே, அதற்கு 42. கணக்கு ஓரளவு சரியாக இருக்கிறது என்று மனதைத் தேற்றிக் கொண்டேன்.

என் அலமாரியில் இல்லாதவை

அடுத்து, நான் வாங்கக் காத்திருக்கும் இன்ஜின்களைப் போட்டேன்.

'சி' வகை - 43 மார்க். 1956 முதல் 1958 வரை வந்த 34 இன்ஜின்கள். முதலில் 550 குதிரைத்திறன் கிராஸ்லி இன்ஜின் இருந்தது. அது தொல்லை கொடுத்ததால் பின்னர் 1100 குதிரைத்திறன் கொண்ட ஜெனரல் மோட்டார்ஸ் 645 இன்ஜினைப் பொருத்தினார்கள். 181 வகையில் இருப்பதும் எட்டு சிலிண்டர் 645 தான். அதனால் சத்தத்தைப் பகிர்ந்து கொள்ளலாம். 1986-ல் ஆறு இன்ஜின்கள் வட அயர்லாந்து ரயில்வேக்கு விற்கப்பட்டன. ஆக இன்னொரு நாட்டு வண்ணமும் கிடைத்துவிட்டது! முதலிடம் இதற்குத்தான்.

ஜே15 நீராவி இன்ஜின் - 36 மார்க். 1866 முதல் 1903 வரை 111 கட்டினார்கள். அயர்லாந்தில் இவ்வளவு எண்ணிக்கையில் வேறு வகை கிடையாது. 184, 186 என்ற இரண்டு இன்றும் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், இவ்வளவு வருடம் கட்டியதில் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. சிறிய உடலுக்குள் மோட்டாரையும் சர்க்யூட்டையும் அடைப்பதும் சிரமம்.

சல்ஸர் பி101 வகை - 33 மார்க். 1956-57-ல் பர்மிங்காமில் கட்டிய 12 இன்ஜின்கள், 960 குதிரைத்திறன். நண்பரின் அப்பா ஓட்டியது இதைத்தான்.

ஹன்ஸ்லெட் 101 வகை - 24 மார்க். 1970-ல் டப்ளின் - பெல்ஃபாஸ்ட் என்டர்பிரைஸ் ரயிலுக்காக வந்தவை. மொத்தமே மூன்று.

800 வகை நீராவி இன்ஜின் - 23 மார்க். 1939-40-ல் டப்ளினின் இன்சிகோர் ஒர்க்‌ஷாப்பில் கட்டியவை. இதுவும் மூன்றுதான். டப்ளின் - கார்க் பாதையை விட்டால் வேறு வேலை கிடையாது.

கணக்கில் உள்ள பக்

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே வந்த மாடல்களைப் பார்த்துத்தான் ஐந்து கேள்விகளையும் எடைகளையும் நான் உருவாக்கினேன். பிறகு அதே மாடல்களை வைத்தே சோதித்தேன். கேள்வித்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதியது போலத்தான் இது!

அதைவிடப் பெரிய பக், 800 வகையில் தெரிந்தது. முதல் இன்ஜினான மேவ், பெல்ஃபாஸ்ட் அருகே கல்ட்ரா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நேரில் போய்ப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற குடும்பங்கள் அதை விட்டு நகரவே இல்லை. அவர்களில் பலர் மாடல் வந்தால் ஓடவிடக்கூட வேண்டாம், அலமாரியில் வைத்தால் போதும் என்று வாங்குவார்கள். ஆசைக்கு என் தாளில் பத்தி இல்லை. "ஓடவிடாமலே வாங்குவார்களா?" என்று ஆறாவது கேள்வியைச் சேர்த்ததும் மேவ் மேலே ஏறிவிட்டது.

இரண்டு 226

கணக்கில் இன்னொரு வேடிக்கையும் கிடைத்தது. 'சி' வகையின் எண்கள் 201 முதல் 234 வரை. 1994-95-ல் கனடாவிலிருந்து வந்த ஜெனரல் மோட்டார்ஸ் 201 வகையின் எண்களும் 201 முதல் 234 வரையே! டேட்டாபேஸ் போடுபவர்கள் எண்ணோடு வருடத்தையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

இன்றைய மாடல்களை டிசிசி என்ற டிஜிட்டல் முறையில் ஓட்டலாம். தண்டவாளம் வழியாகவே மின்சாரமும் கட்டளையும் போகும். இன்ஜினுக்குள் இருக்கும் டீகோடர் தன் முகவரிக்கு வரும் கட்டளையை மட்டும் கேட்கும். பலரும் இன்ஜின் எண்ணையே முகவரியாக வைப்பார்கள். இரண்டு 226-ஐயும் ஒரே தண்டவாளத்தில் வைத்தால் இரண்டும் சேர்ந்து கிளம்பும்! ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச சாஃப்ட்வேரில் முகவரியை மாற்றிக் கொள்ளலாம். இது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

நண்பருக்குச் சொன்ன பதில்

பி101-க்கு 33 மார்க், 'சி' வகை முன்னால் நிற்கிறது, கொஞ்சம் காத்திருக்க வேண்டும் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "மூன்றாவது கேள்விக்கு ஏன் 4 மார்க் கொடுத்தாய்? மிஞ்சியிருப்பது ஒன்றுதானே?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். 12 சல்ஸர்களில் இருப்பது பி103 மட்டுமே. ஐரிஷ் ட்ராக்‌ஷன் குரூப் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அளப்பதற்கு ஒன்று போதும் என்று 4 போட்டேன். ஒரே ஒரு காப்பி உள்ள ஃபைலைப் பத்திரமாக இருக்கிறது என்று நாம் சொல்வோமா? 2023 நவம்பரில் வட அயர்லாந்தின் டவுன்பேட்ரிக் நகரில் வெள்ளம் வந்தபோது, பழைய இன்ஜின்களைப் பாதுகாக்கும் ரயில்வே வளாகத்துக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அங்கே 'சி' வகையில் ஒன்றும் 'ஏ' வகையில் ஒன்றும் இருக்கின்றன.

மாடல் விற்கிறதோ இல்லையோ, அதற்காக எடுக்கும் ஸ்கேன் அந்த இன்ஜினுக்கு ஒரு பேக்கப். இதற்கு மட்டும் தனியாக ஒரு பத்தி சேர்த்து, மிஞ்சியவை எவ்வளவு குறைவோ அவ்வளவு அதிக மார்க் என்று வைத்தேன். பி101 இரண்டாம் இடத்துக்கு வந்தது. தயாரிப்பாளர் இப்படிக் கணக்குப் போடுவாரா என்பது வேறு விஷயம். நண்பர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார்.

நீங்களும் எடைகளை மாற்றிப் பாருங்கள். எந்த எடையை மாற்றக் கை தயங்குகிறதோ, அதுதான் உங்களுக்கு முக்கியமானது.