சும்மா இருந்தா 13.3 வோல்ட், மிக்சி போட்டா கட்: நடுவில் எங்கே போகிறது வோல்டேஜ்?

யூடியூப் பார்த்து, லித்தியம் செல் வாங்கி, தோட்டத்து வீட்டுக்குச் சொந்தமாக ஒரு பேட்டரி பேங்க் செய்தாச்சு. மல்டிமீட்டர் 13.3 வோல்ட் காட்டுகிறது. ஃபேன், லைட் எல்லாம் நன்றாக ஓடுகின்றன. மிக்சியைப் போட்டதும் இன்வெர்ட்டர் ‘பீப்’ அடித்து ஆஃப் ஆகிவிடுகிறது. உடனே எல்லோருக்கும் வரும் சந்தேகம், “செல் டூப்ளிகேட்டோ?” என்பதுதான். புது செல்லுக்குப் பணம் எடுத்து வைக்கும் முன், பத்து நிமிடம் மீட்டரைப் பிடித்துப் பார்ப்பது நல்லது.

லோடு இல்லாதபோது எடுக்கும் ரீடிங் அதிகம் சொல்லாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லில் பாதி சார்ஜிலும் முக்கால் சார்ஜிலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றுதான். கரண்ட் ஓடும்போதுதான் குறை வெளியே வரும்.

கணக்கு சின்னதுதான். 12 வோல்ட் பேட்டரியில் 600 வாட் மிக்சி ஓட 50 ஆம்பியர் வேண்டும். இன்வெர்ட்டரின் சொந்த இழப்பைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இரண்டு மீட்டர் தூரம், 6 சதுர மி.மீ. காப்பர் ஒயர் என்று வைத்துக்கொள்வோம். போக, வர மொத்தம் நான்கு மீட்டர். அதில் மட்டும் சுமார் 0.57 வோல்ட் காணாமல் போகும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் கரண்ட் மூன்று மடங்கானால் இழப்பு 1.7 வோல்ட். சரியாக முறுக்காத இரண்டு போல்ட், ஒவ்வொன்றும் வெறும் 5 மில்லி ஓம் என்றாலும், மேலும் 1.5 வோல்ட் போச்சு. 13.3-ல் மிச்சம் 10.1. பல இன்வெர்ட்டர்கள் 10.5-க்குக் கீழே போனால் நின்றுவிடும். இத்தனையிலும் செல் மேல் ஒரு குற்றமும் இல்லை!

போன வோல்டேஜ் வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த இரண்டு லூஸ் போல்ட்டிலும் 50 ஆம்பியர் தொடர்ந்து ஓடினால் 25 வாட் சூடு. ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவு. அதைப் பிளாஸ்டிக் உறை போட்ட செல் மேல் யாராவது வைப்போமா?

எப்படிக் கண்டுபிடிப்பது?

மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, லோடை ஓடவிடுங்கள். மிக்சி வேண்டாம், ஒரே சீராக ஓடும் பழைய குண்டு பல்புகள் போதும். ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலிலும், இன்னொன்றை இன்வெர்ட்டரின் பாசிட்டிவ் டெர்மினலிலும் வையுங்கள். ஆமாம், இரண்டுமே பாசிட்டிவ்தான். மீட்டர் காட்டுவது அந்த வழியில் தொலைந்த வோல்டேஜ். பிறகு தூரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்: செல் டெர்மினலுக்கும் பஸ்பாருக்கும் நடுவே, ஃபியூஸின் இரு முனைகளில், லக்கும் ஒயரும் சேரும் இடத்தில். எங்கே எண் எகிறுகிறதோ அங்கேதான் கோளாறு. பலர் மறப்பது நெகட்டிவ் பக்கத்தை. பிஎம்எஸ் போர்டு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கும்.

அலுமினியம் டெர்மினல் என்றால் மேலே ஆக்ஸைடு படிந்திருக்கும். லேசாகத் தேய்த்துவிட்டு உடனே பூட்டுங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக்கை வெட்டிப்போட்டு, கிரிம்பிங் டூலால் அழுத்திய லக்கை மாட்டுங்கள். ஒயரை 25 சதுர மி.மீ. ஆக்கினால் 0.57 வோல்ட் இழப்பு 0.14 ஆகிவிடும். வேலை செய்யும்போது ஸ்பேனரில் இன்சுலேஷன் டேப் சுற்றுவதும், மோதிரம், வாட்சைக் கழற்றுவதும் கட்டாயம். 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான். ஆனால் ஷார்ட் ஆனால் இரும்பையே பழுக்க வைக்கும்.

லோயர் கேம்ப் தரும் ஐடியா

இதற்கு இன்னொரு தீர்வு நம்ம ஊர் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. குமுளிப் பாதையில் தெரியும் ராட்சதக் குழாய்கள் வழியே முல்லைப் பெரியாறு தண்ணீர் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்குகிறது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தை வோல்டேஜை மளமளவென்று உயர்த்தித்தான் லைனில் அனுப்புகிறார்கள். வோல்டேஜ் கூடினால் அதே வாட்டுக்குக் கரண்ட் குறையும். ஒயரில் இழப்பும் குறையும். வீட்டு பேட்டரியும் அப்படித்தான். 12-க்குப் பதில் 24 வோல்ட்டாக அமைத்தால் கரண்ட் பாதி, ஒயர் சூடு கால்வாசி. இன்வெர்ட்டர் இன்னும் வாங்கவில்லை என்றால் என் ஓட்டு 24-க்குத்தான்.

அப்போ செல் மேல் தப்பே இருக்காதா?

இருக்கலாம். லோடு ஓடும்போது ஒவ்வொரு செல்லையும் தனியாக அளங்கள். மூன்று செல் 3.2 காட்டி, ஒன்று மட்டும் 2.8-க்கு விழுந்தால் அதுதான் நோயாளி. மற்ற மூன்றும் தெம்பாக இருந்தாலும், அந்த ஒன்றுக்காக பிஎம்எஸ் மொத்தத்தையும் நிறுத்திவிடும்.

பழைய லேப்டாப் செல்களை மூன்று வரிசையாகச் சேர்த்து ‘12 வோல்ட்’ செய்வதுதான் உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயம். அவற்றுக்கு ஃபுல் சார்ஜ் செல்லுக்கு 4.2, மொத்தம் 12.6 வோல்ட். ஆசிட் பேட்டரிக்கான இன்வெர்ட்டரோ 14 வோல்ட்டுக்கு மேல் தள்ளும். நடுவில் தடுப்பது பிஎம்எஸ் மட்டுமே. அது ஃபெயிலானால் தீப்பிடிக்கலாம். உப்பிய செல், லோடு இல்லாமலே சூடாகும் செல் இரண்டையும் ரிப்பேர் பார்க்கக் கூடாது. குத்தவோ பிரிக்கவோ வேண்டாம். இணைப்பைக் கழற்றி, எரியும் பொருள் இல்லாத திறந்த இடத்தில் வைத்துவிடுங்கள்.

எல்லாம் சரிசெய்து ஒரு மாதம் கழித்து, அரை மணி நேரம் லோடு ஓடவிட்டு, அணைத்ததும் ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் விரலைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால், அந்த போல்ட் மறுபடி தளர்ந்திருக்கிறது.