அமுக்கமுற்ற பிராணவாயுவும் அழற்சியுற்ற குடலும்

சோடாப் போத்தலைத் திறக்கும்போது வாயு குமிழியிட்டுப் பொங்குவதை நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். மூடி இறுகியிருக்கும்வரை நீரிற் கரைந்து அடங்கிக் கிடந்த வாயு, அமுக்கம் நீங்கியதும் வெளியேறுகின்றது. அமுக்கம் மிகுந்தால் வாயு திரவத்திற் கூடுதலாகக் கரையும் என்னும் இவ்விதியை 1803ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் வில்லியம் ஹென்றி வெளியிட்டார். மாணவர் பாடப்புத்தகத்திற் படிக்கும் இவ்விதியே இன்று குடல் நோயாளர் சிலருக்குப் புதியதொரு நம்பிக்கையை அளித்துள்ளது.

குடல் அழற்சி நோய் பிரதானமாக இருவகைப்படும். பெருங்குடலின் உட்புறம் புண்ணாகி, இரத்தமும் சீதமுங் கழிவது ஒன்று. உணவுப் பாதையின் எப்பகுதியையும் தாக்கவல்ல குரோன் நோய் மற்றொன்று. இவ்விரண்டிலும், உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலுக்குப் பகையாகி விடுகின்றது. கல்வியிலும் தொழிலிலும் முன்னேற வேண்டிய இளவயதினரையே இந்நோய் பெரும்பாலும் முதலிற் பற்றுகின்றது. பெருங்குடற் புண் மருந்துக்கு அடங்காதவிடத்துப் பெருங்குடலையே வெட்டி அகற்ற நேரிடும். ஆகவே, புதிய சிகிச்சை ஒன்றின் பெயர் கேட்டதும் பெற்றோர் உள்ளம் அதனை நாடுவதில் வியப்பில்லை.

சாதாரணமாக, நம் இரத்தத்திலுள்ள செவ்வணுக்களே பிராணவாயுவைச் சுமக்கின்றன. இரத்த நீரில் நேரே கரைந்திருப்பது 100 மில்லிலீற்றருக்கு 0.3 மில்லிலீற்றர் மாத்திரமே. மூன்று வளிமண்டல அமுக்கத்தில் தூய பிராணவாயுவைச் சுவாசித்தால் இவ்வளவு ஏறத்தாழ 6 மில்லிலீற்றராக உயர்கின்றது. அம்ஸ்ரடாம் நகரச் சத்திரவைத்தியர் போரெமா, செவ்வணுக்கள் அநேகமாக நீக்கப்பெற்ற பன்றிக்குட்டிகளை இம்முறையால் உயிருடன் வைத்திருந்து, 1960இல் அதனை உலகுக்கு அறிவித்தார். அழற்சியுற்ற குடற்சுவரிற் பிராணவாயு குன்றியிருப்பதால், அங்கும் இம்முறை பயன்படலாம் என்று வைத்தியர்கள் கருதினர்.

கருத்து நன்று, ஆனால் சான்று யாது? அமெரிக்காவிற் கன்னிங்ஹாம் என்னும் வைத்தியர் 1928இல், கிளீவ்லாந்து நகரில், 64 அடி விட்டமுள்ள உருக்குக் கோளமொன்றை அமைத்து, நோயாளரை அமுக்கமேற்றிய காற்றில் வாழச் செய்தார். நீரிழிவும் புற்றுநோயும் அதனால் நீங்கும் என்றார். சான்று தருமாறு வைத்திய சங்கத்தார் கேட்டபோது அவரால் தர இயலவில்லை. 1942இல் அக்கோளம் யுத்தத் தேவைக்காக உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாயிற்று.

இன்றைய ஆராய்ச்சியாளர் அத்தவற்றைச் செய்யவில்லை. பெருங்குடற் புண் முற்றி வைத்தியசாலையிற் சேர்ந்த 18 பேரிடம் அமெரிக்காவில் நடத்திய சோதனையின் முடிவு 2018இல் வெளியாயிற்று. அனைவருக்கும் வழக்கமான மருந்து கொடுக்கப்பட்டது. அதனுடன் பதின்மர் அமுக்க அறையிற் பிராணவாயுவைச் சுவாசித்தனர். எண்மர் அதே போன்ற அறையில் வெறுங் காற்றையே சுவாசித்தனர். தமக்குக் கிடைத்தது எது என்பதை நோயாளர் அறியார். ஐந்தாம் நாளில் முதற் கூட்டத்தாரில் ஐவருக்கு நோய் தணிந்திருந்தது. மற்றைக் கூட்டத்தில் ஒருவருக்கும் தணியவில்லை.

ஐம்பது வீதம் என்று கேட்கும்போது பெரிதாகத் தோன்றுகின்றது. எண்ணிப் பார்த்தால் அது ஐந்தே ஐந்து பேர்! 2013இல் வெளியான சுவீடன் நாட்டுச் சிறு சோதனையொன்றோ, இச்சிகிச்சையாற் பயன் காணவில்லை என்றே முடிந்தது. இரண்டையும் ஒருங்கு நோக்குபவர், இது மேலும் பலரிடம் ஆராயத்தக்கது என்று சொல்லலாம்; நோயைத் தீர்க்கும் என்று சொல்லலாகாது.

இச்சிகிச்சையில் இடரும் உண்டு. காதடைப்பும் வலியும் ஏற்படலாம். அரிதாக வலிப்பு வருவதுமுண்டு. பிராணவாயு செறிந்த இடத்திற் சிறு தீப்பொறியும் பேராபத்தாகும். ஆதலால், தேர்ந்த வைத்தியரின் மேற்பார்வையின்றி இதனை நாடலாகாது. எல்லாவற்றிலும் முக்கியமானது, விளம்பரத்தை நம்பி, உண்டுவரும் மருந்தை நிறுத்தலாகாது என்பதே. அந்த ஐவரும் மருந்தை விட்டு நலம் பெற்றவரல்லர். மருந்தோடு நலம் பெற்றவர்கள்.