பெட்டியில் எழுதியிருக்கிற வாட்டை நம்பலாமா?

தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நாட்களில் டவுன் கடைகளில் சவுண்ட் செட்டுகளும் டி.வி.களும் வாசல் வரை அடுக்கப்பட்டிருப்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். வாங்குவது தவறு என்று சொல்ல இதை எழுதவில்லை. நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறித்துவிட்டு வருகிறவர் இரவில் ஒரு மணி நேரம் நாடகம் பார்த்தால் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் யாருடைய பேச்சை நம்பி வாங்குகிறோம் என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பெரும்பாலும் பக்கத்துக் காம்பிராக்காரர் சொல்வதை நம்பித்தான் வாங்குகிறோம். "நல்ல செட்டுண்ணே, போட்டா கூரைத் தகரமே அதிருது" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. வாங்கி எத்தனை நாளாச்சு என்று கேட்டுப் பாருங்கள், பத்து நாள் என்பார். பத்து நாளில் எந்தச் சாமானும் நல்ல சாமான்தான். அதோடு, தவணைக்கு எடுத்தவர் தவணை முடியும் வரை அதைப்பற்றிக் குறை சொல்ல வெட்கப்படுவார். ஆகவே இரண்டு வருடம் பாவித்தவரைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். அதைவிட நல்லது, டவுனில் டி.வி. திருத்துகிறவரிடம் கேட்பது. எந்தச் செட்டு அடிக்கடி வருகிறது, எதற்கு உதிரிப்பாகம் கிடைப்பதில்லை என்பது அவருக்குத்தான் தெரியும்.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 இல் வந்தது. ரூபவாஹினி 1982 இல் தொடங்கியது. அப்போது கரண்ட் இல்லாத லயங்களில் கார் பற்றரியில் கறுப்பு வெள்ளை டி.வி. ஓடியது. பற்றரியைத் தோளில் சுமந்துபோய் டவுனில் சார்ஜ் போட்டு வந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "படம் விழுதா?" இன்று பெட்டி முழுக்க எண்கள்.

முதலில் சவுண்ட் செட். பெட்டியில் '5,000 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியாத அளவில் பி.எம்.பி.ஓ. என்றும் இருக்கும். கண் மூடித் திறக்கும் நேரத்தில் ஒரு துடிப்பாக எவ்வளவு வரலாம் என்று காகிதத்தில் போட்ட கணக்கு அது. அதற்கு ஒரே சீரான அளவுமுறையே கிடையாது. கொம்பனிக்கு இஷ்டமான எண்ணைப் போடலாம், போடுகிறார்கள். தொடர்ந்து கொடுக்கக்கூடிய உண்மையான சக்தியை ஆர்.எம்.எஸ். என்று குறிப்பார்கள். அந்த எண்ணைத்தான் கேட்க வேண்டும்.

கடைக்காரர் மழுப்பினால் செட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கரண்ட் வயர் போகும் இடத்துக்குக் கிட்ட, அது எத்தனை வாட் மின்சாரம் எடுக்கும் என்று பொதுவாக அச்சிட்டிருப்பார்கள். 60 வாட் எடுக்கிற செட்டு தொடர்ந்து 5,000 வாட் சத்தம் தருமா? 5 அம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு மொத்தமே 1,150 வாட்தான் வரும். தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்சாரக் கேத்தலே 1,500, 2,000 வாட் எடுக்கிறது. அப்படியானால் அந்தச் சின்னப் பெட்டி இரண்டு கேத்தலை விடப் பெரியதா?

இதில் இன்னொன்றும் உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவுக்கு 20, 30 வாட் உண்மையான சத்தமே தாராளம். அதற்கு மேல் போனால் கேட்பது நாமல்ல, சுவருக்கு அந்தப் பக்கம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைதான்.

டி.வி.க்கு வருவோம். '4கே' என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். 32 அங்குல மலிவு டி.வி.களில் '4கே சப்போர்ட்' என்று போட்டிருந்தால், 4கே படத்தை உள்ளே வாங்கும் என்றுதான் அர்த்தம். திரையில் இருப்பது பெரும்பாலும் 1366க்கு 768 புள்ளிகள்தான். உண்மையான 4கே என்றால் 3840க்கு 2160. அன்டனாவில் பார்க்கிறவருக்கு அது தேவையுமில்லை. ஸ்மார்ட் டி.வி. என்றால் இன்டர்நெட் செலவு தனி. நல்ல தெளிவில் ஒரு மணி நேரம் படம் பார்க்க 1 முதல் 3 ஜி.பி. வரை டேட்டா போகும். போன் டேட்டாவை நம்பி ஸ்மார்ட் எடுத்த வீடுகளில் மாதம் பாதியிலேயே அது சாதாரண டி.வி. ஆகிவிடுகிறது. மழை அடித்தால் டிஷ் படம் நிற்பதற்கு மட்டும் டி.வி.யைத் திட்டாதீர்கள். வானத்திலிருந்து வரும் அலையை மழைத்துளி மறித்துவிடுகிறது, எந்தச் செட்டு வாங்கினாலும் இதுதான் கதி.

"வோல்டேஜ் குறைவு, ஸ்டெபிலைசர் எடுங்க" என்று கூடவே ஒன்றைத் தள்ளிவிடுவார்கள். டி.வி.யின் பின்னால் 100-240 வோல்ட் என்று இருந்தால், குறைந்த வோல்டேஜுக்காக அது தேவையில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதை வேறு. இடிக்குக் காவல் ஸ்டெபிலைசர் அல்ல, பிளக்கைக் கழற்றுவதுதான். சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தால், இடி கேட்குமுன்பே பிளக்கையும் அன்டனா வயரையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள்.

இனித் தவணைக் கணக்கு. உதாரணத்துக்கு 60,000 ரூபா டி.வி. ஒன்றை எடுத்துக்கொள்வோம். முற்பணம் 10,000, பிறகு மாதம் 5,500 வீதம் 12 மாதம். "மாசம் அஞ்சாயிரத்து ஐந்நூறுதானே" என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள், தவணை மட்டும் 66,000. மிச்சமிருந்த 50,000 கடனுக்கு வட்டி 16,000 ரூபா. நூற்றுக்கு 32 வீதம் என்று நினைப்பீர்கள். ஆனால் மாதாமாதம் கடன் குறைந்துகொண்டே வருகிறதே! அதைச் சேர்த்துப் பார்த்தால் உண்மையான வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 50 வீதத்தைத் தாண்டுகிறது. கையெழுத்துப் போடுமுன் "மொத்தமா எவ்வளவு கட்டி முடிப்பேன்?" என்று கேட்டு, அந்தத் தொகையை எழுதித் தரச் சொல்லுங்கள். விளங்காத மொழியில் இருக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். படித்த பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பில்லும் உத்தரவாத அட்டையும் கடை முத்திரையோடு, திகதியோடு கைக்கு வர வேண்டும். "பில் எதுக்கு, நம்ம கடைதானே" என்பவரிடம் கட்டாயம் பில் கேளுங்கள். உத்தரவாதப்படி நடக்காவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறையிடலாம். வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முறையிட வேண்டும். ஆகவே "நாளைக்கு வாங்க, அடுத்த கிழமை வாங்க" என்று கடையில் இழுத்தடிக்க விடாதீர்கள். அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1977. கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். பில்லினதும் உத்தரவாத அட்டையினதும் பிரதிகளை இணைத்து அனுப்பிவிட்டு, மூலத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.